சர்வர் லாக் பிரவுசர் கன்சோலுக்கு வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

“தம்பி, டிசி போட்டு சேவ் குடுத்தா வெள்ளையாவே நிக்குதுங்க. இங்க வண்டில லோடு ஏத்தியாச்சு.”

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடமிருந்து வந்த போன் இது. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், கட்டிங் என்று துணி யூனிட் யூனிட்டாக நகரும்போது கூடவே டெலிவரி சலானும் (டிசி) போக வேண்டும். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. கோவையில் உட்கார்ந்து அந்த மென்பொருளைப் பராமரிக்கும் எனக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த ஒரு கிளிக்குக்கு சர்வரில் என்ன நடந்தது?

சர்வரில் நிரல் தான் செய்வதை வரி வரியாக எழுதிவைக்கும் லாக் ஃபைலில் அது இருக்கும். ஆனால் அதே நொடியில் வேலை செய்யும் எல்லோருடைய வரிகளும் அதில் பின்னிக் கிடக்கும். அதனால் டெஸ்ட் சர்வரில் அந்த லாக் செய்திகளை பிரவுசருக்குப் போகும் பதிலோடு (ரெஸ்பான்ஸ்) சேர்த்து, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள கன்சோலுக்கே வரவைத்துக்கொள்கிறேன். எந்தக் கிளிக்குக்கு எந்த வரி என்று கண்ணெதிரே தெரியும். ஆனால் லாகே வராமல் போனால், கோளாறு அப்ளிகேஷனிலா லாக் வரும் வழியிலா என்று தெரியாமல் அரை நாள் ஓடிவிடும். அந்த அரை நாளை மற்றவர்கள் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாதைகள் மூன்று. முதலாவது ஹெடர் வழி (ஹெடர் என்பது ரெஸ்பான்ஸில் பக்கத்தின் உடலுக்கு முன்னால் போகும் விவர வரி): லாக் வரிகளை ஜேசன் என்ற தரவு வடிவமாக்கி, அதை வெறும் ஆங்கில எழுத்து, எண், சில குறிகளாக மாற்றும் பேஸ்64 ஆக்கி, ‘எக்ஸ்-குரோம்லாகர்-டேட்டா’ என்ற ரெஸ்பான்ஸ் ஹெடரில் அனுப்புவது, குரோம் லாகர் எக்ஸ்டென்ஷன் அதைப் பிரித்துக் கன்சோலில் காட்டும். இரண்டாவது, பக்கத்தின் கடைசியில் ஒரு ஸ்கிரிப்ட் டேக் வைத்து அதற்குள் கன்சோல்.லாக் எழுதுவது. மூன்றாவது, சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் அல்லது வெப்சாக்கெட் மூலம் நேரலையாக அனுப்புவது. பழைய கட்டுரைகளில் ஃபயர்பிஎச்பி என்று படித்திருப்பீர்கள். அது ஃபயர்பாக்ஸின் ஃபயர்பக் எக்ஸ்டென்ஷனை நம்பி வளர்ந்தது, ஃபயர்பக் 2017இல் நின்றுவிட்டது. நான் பிஎச்பி மொழி, அதில் லாக் எழுதும் மோனோலாக் நூலகம், முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்துப் பேசுகிறேன். மற்ற மொழிகளிலும் இதே பாதைகள்தான், இதே குழிகள்தான்.

முதலில் வழியின் நடுவில் நின்று பாருங்கள்

துணி லாட் ஒன்று வந்து சேரவில்லை என்றால், கடைசியாக எந்த டிசியில் கையெழுத்து விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு முந்தைய யூனிட்டை யாரும் தொந்தரவு செய்வதில்லை. லாகுக்கும் அப்படித்தான். கன்சோலையே முறைத்துக்கொண்டிருக்காமல் நெட்வொர்க் டேபைத் திறந்து, அந்த ரிக்வெஸ்டைத் தட்டி, ரெஸ்பான்ஸ் ஹெடர்களைப் பாருங்கள். லாக் ஹெடர் அங்கே இருந்தால் சர்வர் தன் வேலையை முடித்துவிட்டது, கோளாறு பிரவுசர் பக்கம். இல்லையென்றால் பிரவுசரை விட்டுவிட்டு சர்வருக்குப் போங்கள்.

இதை, டெர்மினலிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் கட்டளையில் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மோனோலாகின் குரோம் ஹேண்ட்லர், வந்திருக்கும் பிரவுசர் குரோமா, ஃபயர்பாக்ஸ் 43 அல்லது அதற்கு மேலா என்று, பிரவுசர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் யூசர் ஏஜென்ட் வரியைப் பார்த்துத்தான் ஹெடரை அனுப்பும். வெறும் கர்லுக்கு அனுப்பாது. குரோமின் யூசர் ஏஜென்ட் வரியைக் கொடுத்துச் சோதியுங்கள். இது தெரியாமல், சரியாக ஓடிக்கொண்டிருந்த சர்வரை நான் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

அறிகுறி: ஹெடரே இல்லை

முதலில் லாக் ஃபைலில் அந்த வரி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், அந்த இடத்துக்கு நிரல் வரவே இல்லை, அல்லது லாகரின் மட்டம் ‘வார்னிங்’கில் நிற்கிறது, நீங்கள் ‘டீபக்’கில் எழுதுகிறீர்கள்.

ஃபைலில் இருக்கிறது, ஹெடரில் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் ‘ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன’ கோளாறுதான். பக்கத்தின் உடலில் ஓர் எழுத்து வெளியே போய்விட்டாலும் அதற்குப் பிறகு ஹெடர் சேர்க்க முடியாது. டெம்ப்ளேட் பாதி ஓடிய பிறகு எழுதும் லாக், பிஎச்பி ஃபைலின் தலையில் ஒட்டிக்கொண்ட, கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி, மூடும் பிஎச்பி டேகுக்குப் பிறகு ஃபைல் முடிவில் விட்ட காலி வரிகள் எல்லாம் இதைச் செய்யும். பிஎச்பியோடு வரும் மாதிரி அமைப்பு ஃபைலில் (ஐஎன்ஐ) அவுட்புட் பஃபரிங், அதாவது அனுப்பும் முன் பிடித்துவைக்கும் அளவு, 4096 பைட் என்று இருக்கும். அதனால் சின்னப் பக்கங்களில் லாக் ஒழுங்காக வரும், பெரிய பக்கங்களில் மட்டும் காணாமல் போகும். பக்கத்துக்குப் பக்கம் நடத்தை மாறினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பக்கம் முழுவதையும் பஃபரில் பிடித்துவைத்துக் கடைசியில் விடுங்கள்.

பின்னணியில் கியூவில் (வரிசையில்) ஓடும் வேலை, நேரம் வைத்து ஓடும் கிரான் வேலை இவற்றின் லாக் ஒருநாளும் ஹெடரில் வராது. சலானை பிடிஎஃப் ஆக்கும் வேலையைக் கியூவுக்குத் தள்ளியிருந்தால், அது ஓடும்போது எதிர்முனையில் பிரவுசரே கிடையாது. அதற்கு மூன்றாவது பாதைதான் சரி.

நோட்.ஜேஎஸில் எழுதுபவர்கள், “கன்சோல்.லாக்தானே போட்டேன், பிரவுசரில் காணோமே” என்று கேட்பதுண்டு. சர்வரில் ஓடும் கன்சோல்.லாக் டெர்மினலுக்குத்தான் போகும். நெக்ஸ்ட்.ஜேஎஸ் 15 டெவலப்மென்ட் மோடில் சர்வர் காம்பொனென்ட்டின் வரிகளைப் பிரவுசரிலும் ‘சர்வர்’ என்ற அடையாளத்தோடு காட்டும். புரொடக்‌ஷன் பில்டில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

அறிகுறி: ஹெடர் இருக்கிறது, கன்சோல் காலி

எக்ஸ்டென்ஷன் அந்தத் தளத்துக்கு இயக்கப்பட்டிருக்கிறதா? குரோம் லாகரை நிறுவினால் மட்டும் போதாது. தளத்தைத் திறந்து அதன் ஐகானைத் தட்ட வேண்டும். இன்காக்னிட்டோ ஜன்னலுக்குத் தனி அனுமதி. மேனிஃபெஸ்ட் 2இல் எழுதிய பழைய எக்ஸ்டென்ஷன்களை குரோம் 2025இல் நிறுத்திவிட்டதால், பல வருடமாக வேலை செய்த ஏதாவது திடீரென்று அணைந்திருந்தால் எக்ஸ்டென்ஷன் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் கன்சோலின் வடிகட்டி. கன்சோல்.டீபக் வழியாக வரும் செய்திகளை குரோம் ‘வெர்போஸ்’ வகையில் சேர்க்கும். அந்த வகை இயல்பாகவே மறைந்திருக்கும். வடிகட்டிப் பெட்டியில் போன வாரம் தட்டிய சொல் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது காரணம் ரீடைரக்ட். டிசி சேவ் பக்கத்தில் என்னைச் சுற்ற வைத்தது இதுதான். சேவ் கொடுத்ததும் போஸ்ட் ரிக்வெஸ்ட் போகிறது, சர்வர் எல்லா வேலையையும் அதில் முடித்து ‘வேறு பக்கத்துக்குப் போ’ என்ற 302 பதிலை அனுப்புகிறது, பிரவுசர் அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது. நமக்கு வேண்டிய லாக் அத்தனையும் அந்த 302இன் ஹெடரில் இருக்கிறது, ஆனால் புதுப் பக்கம் வந்ததும் கன்சோல் துடைக்கப்பட்டுவிடுகிறது. ‘பிரிசர்வ் லாக்’ தேர்வைக் கன்சோலிலும் நெட்வொர்க் டேபிலும் போட்டுவிட்டு மறுபடி சேவ் கொடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் இல்லாமல், உங்கள் சொந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபெட்ச் ரெஸ்பான்ஸிலிருந்து ஹெடரைப் படிக்கிறதா? ஏபிஐ வேறு டொமைனில் இருந்தால், ‘அக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ்’ பட்டியலில் அந்த ஹெடர் பெயரைச் சேர்க்கும்வரை ஜாவாஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. நெட்வொர்க் டேபில் மட்டும் தெரியும்.

அறிகுறி: லாக் போட்டதும் 502

இதை விரிவாகவே சொல்கிறேன். லாக் போடாமல் பக்கம் வருகிறது, போட்டால் 502 (பின்னால் உள்ள நிரலிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று வெப் சர்வர் சொல்லும் பிழை). பார்ப்பவருக்கு அப்ளிகேஷன் விழுந்துவிட்டதுபோலத் தெரியும். பிஎச்பி பக்கம் ஒரு பிழையும் இருக்காது. என்ஜின்எக்ஸின் எரர் லாகைத் திறந்தால் ‘அப்ஸ்ட்ரீம் சென்ட் டூ பிக் ஹெடர்’ என்று எழுதியிருக்கும். பிஎச்பியிடமிருந்து வரும் ஹெடர் மொத்தமும் ஒரே பஃபருக்குள் அடங்க வேண்டும் என்பது என்ஜின்எக்ஸின் கணக்கு. அந்தப் பஃபரின் இயல்பான அளவு, இயந்திரத்தைப் பொறுத்து, 4 அல்லது 8 கிலோபைட்.

4 கிலோபைட் நிறைய என்று தோன்றும். தமிழில் லாக் எழுதினால் தோன்றாது. ‘சாயப்பட்டறை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறி என்பதால் 11 குறிகள். யூடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட் வீதம் 33 பைட். ஜேசனாக்கும்போது பிஎச்பி ஒவ்வொரு தமிழ்க் குறியையும் பின்சாய்வுக்கோடு, ‘யு’, நான்கு இலக்கம் என்று 6 எழுத்தாக விரிக்கும்; இப்போது 66. பேஸ்64 அதை மூன்றில் ஒரு பங்கு கூட்டும், 88. ஒரே சொல்லுக்கு 88 பைட் என்றால், அந்தச் சொல்லை 47 முறை எழுதினால் 4096 தாண்டிவிடும். குக்கி, செஷன் ஹெடர்களும் அதே பஃபரில்தான் உட்கார வேண்டும். பார்ட்டி பெயர், லாட் விவரம், நிறம் என்று ஒரு சலானை முழுதாக லாக் செய்தால் நிரம்பாமல் என்ன செய்யும்?

மோனோலாகின் இப்போதைய பதிப்பு 3 கிலோபைட்டைத் தாண்டியதும் ‘லாக் முழுமையாக இல்லை’ என்ற எச்சரிக்கையை வைத்து நிறுத்திக்கொள்ளும். பழைய பதிப்புகளில் அந்த எல்லை பல மடங்கு பெரிது. நாமே கையால் எழுதிய லாகருக்கு எல்லையே இருக்காது. 502 வருவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்.

சரிசெய்ய, என்ஜின்எக்ஸில் பிஎச்பியோடு பேசும் பகுதியான ஃபாஸ்ட்சிஜிஐயின் பஃபர் சைஸை 16 கிலோபைட் ஆக்கலாம். அதை மட்டும் மாற்றினால், 4 கிலோபைட் பஃபர்கள் உள்ள இயந்திரத்தில் என்ஜின்எக்ஸ் ஏற்காது. பிஸி பஃபர் அளவு, மொத்தப் பஃபர்களில் ஒன்றைக் கழித்த அளவைவிடப் பெரிதாகிறது என்று பிழை சொல்லும். ஃபாஸ்ட்சிஜிஐ பஃபர்ஸையும் 8 பஃபர், தலா 16 கிலோபைட் என்று சேர்த்து மாற்றுங்கள். ஃபாஸ்ட்சிஜிஐ இல்லாமல் புராக்ஸியாக ஓடினால் இதே அமைப்புகள் ‘புராக்ஸி’ என்ற பெயரில் இருக்கும். அப்பாச்சி புராக்ஸியிலும் ஒரு ஹெடரின் அளவுக்கு 8192 பைட் எல்லை உண்டு. நடுவில் நோட் டெவ் சர்வர் நின்றால் அதற்கு 16 கிலோபைட். குரோமுக்கே மொத்த ஹெடருக்கு 256 கிலோபைட் எல்லை. ஒவ்வொரு கதவாகப் பெரிதாக்கிக்கொண்டே போவது எனக்குப் பிடிக்காது. முழு சலானையும் ஃபைலில் எழுதுங்கள். ஹெடரில் டிசி எண், எந்தக் கட்டம், எவ்வளவு நேரம் என்று மூன்று விஷயம் மட்டும் அனுப்புங்கள். நேரம் மட்டும்தான் வேண்டும் என்றால் ‘சர்வர்-டைமிங்’ என்ற தரப்படுத்தப்பட்ட ஹெடர் இருக்கிறது. எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லாமல் நெட்வொர்க் டேபின் டைமிங் பகுதியில் பட்டையாகத் தெரியும்.

அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது, அல்லது தமிழ் வரும்போது மட்டும் லாக் மொத்தமும் காணோம்

இரண்டும் வேறு வேறு நோய்.

உடைந்த எழுத்து எப்படி இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். தலையில் சின்னச் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடி அதே ‘ஏ’. இந்தக் கோலத்தைக் கண்டால் அது யூடிஎஃப்-8 பைட்களை லத்தீன் எழுத்தாகப் படித்ததன் விளைவு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அதே முதல் பைட்டில் தொடங்குவதால்தான் அந்த ‘ஏ’ திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கமான குற்றவாளி இரண்டு பேர். ஜேசனில் ‘யூனிகோடை விரிக்காதே’ என்ற கொடியைப் போட்டுவிட்டு, அதன்மேல் யூடிஎஃப்8-என்கோட் செயற்கூற்றை மறுபடி ஓட்டியிருப்பார்கள். ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருப்பது இரண்டாம் முறை மாறும். பிஎச்பி 8.2 முதல் அந்தச் செயற்கூறு விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். இன்னொருவர் பிரவுசரின் ஏடூபி செயற்கூறு. அது பேஸ்64ஐப் பிரித்துப் பைட்களைத்தான் தரும், தமிழைத் தராது. அதன்மேல் டெக்ஸ்ட்டிகோடர் ஓட வேண்டும். மேலே சொன்ன ஆறெழுத்து விரிவு இடத்தைத் தின்றாலும் இந்தத் தொல்லை அதில் இல்லை. மோனோலாக் இந்த ஹேண்ட்லருக்கு மட்டும் அந்தக் கொடியை வேண்டுமென்றே அணைத்து வைத்திருப்பது நல்ல முடிவு.

லாக் மொத்தமும் காணாமல் போவது வேறு கதை. நீளமான குறிப்பை யாரோ “100 பைட் போதும்” என்று சப்ஸ்டிரிங் செயற்கூற்றால் வெட்டியிருப்பார்கள். 100ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிச்சம். அந்த ஒரு பைட் அரைகுறைத் தமிழ்க் குறியாகத் தொங்கும். ஜேசன் என்கோட் அதைக் கண்டதும் எந்தச் சத்தமும் இல்லாமல் ‘ஃபால்ஸ்’ திருப்பும், ஹெடரில் காலிச் சரம் போகும். ஆங்கிலப் பெயருள்ள பார்ட்டிக்கு லாக் வருகிறது, தமிழ்ப் பெயருள்ள பார்ட்டிக்கு வரவில்லை என்பது இதற்கு உறுதியான அடையாளம். எம்பி-சப்ஸ்டிரிங் போட்டால் குறி உடையாது, ஆனால் ‘ப்’பிலிருந்து புள்ளி பிரிந்து ‘ப’ ஆகலாம். தமிழுக்கு, பிஎச்பியின் ‘இன்ட்ல்’ (இன்டர்நேஷனலைசேஷன்) எக்ஸ்டென்ஷனில் உள்ள கிராபீம்-சப்ஸ்டிரிங்தான் முறையானது. கூடவே, பிஎச்பி 7.2 முதல் இருக்கும் ‘செல்லாத யூடிஎஃப்-8க்கு மாற்றுக்குறி இடு’ என்ற கொடியையும் போடுங்கள். அப்போது ஒரு குறி கெட்டாலும் மற்ற வரிகள் தப்பும்.

அறிகுறி: ஸ்கிரிப்ட் டேக் வைத்ததும் வேறு ஏதோ உடைகிறது

ஏஜாக்ஸ் அழைப்புகள் ‘ஜேசனுக்குப் பிறகு எதிர்பாராத எழுத்து’ என்பதுபோல ஜேசன் பிழை சொன்னால், உங்கள் லாகர் ஜேசன் ரெஸ்பான்ஸின் வாலிலும் ஸ்கிரிப்டை ஒட்டுகிறது. கன்டென்ட்-டைப் எச்டிஎம்எல் என்றால் மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்.

சிவப்பில் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி பிழை வந்தால் ஒவ்வொரு ரெஸ்பான்ஸுக்கும் புதிதாக உருவாக்கும் நான்ஸ் குறியை ஸ்கிரிப்ட் டேகில் சேருங்கள். அந்தப் பாலிசியையே தளர்த்திவிடாதீர்கள். லாக் பார்க்க வீட்டுக் கதவைக் கழற்ற வேண்டியதில்லை. லாக் வரியில் பயனர் தட்டிய எழுத்தும் இருக்கும் என்பதால் கோண அடைப்புகளை மாற்றும் ஜேசன் கொடி இல்லாமல் ஸ்கிரிப்டுக்குள் எதையும் எழுதாதீர்கள். குறிப்புப் பெட்டியில் ஒருவர் டேகைத் தட்டினால் அது அடுத்தவர் பிரவுசரில் ஓடிவிடும்.

அறிகுறி: நேரலை லாக் மொத்தமாக வந்து கொட்டுகிறது, அல்லது மற்ற பக்கங்கள் நின்றுவிடுகின்றன

மொத்தமாகக் கொட்டுவது என்ஜின்எக்ஸ் பஃபரில் தேங்குவதால். ‘எக்ஸ்-ஆக்சல்-பஃபரிங்’ ஹெடரில் ‘நோ’ அனுப்புங்கள். அந்தப் பாதைக்கு ஜிசிப் சுருக்கத்தையும் நிறுத்துங்கள். பல வரி கொண்ட பிழைச் செய்தியில் முதல் வரி மட்டும் வந்தால், ஒவ்வொரு வரிக்கு முன்பும் ‘டேட்டா’ முன்னொட்டு போடவில்லை.

லாக் டேபைத் திறந்ததும் அதே ஆளின் மற்ற பக்கங்கள் சுற்றிக்கொண்டே நின்றால் செஷன் பூட்டைப் பாருங்கள். பிஎச்பியின் ஃபைல் செஷன், ஒரு ரிக்வெஸ்ட் முடியும்வரை அடுத்ததைக் காக்க வைக்கும். நேரலை ரிக்வெஸ்ட் முடிவதே இல்லை. லூப் தொடங்கும் முன் செஷன்-ரைட்-குளோஸ் அழையுங்கள். ஏழாவது டேப் மட்டும் நின்றால் அது எச்டிடிபி 1.1இன் ஆறு இணைப்பு எல்லை. எச்டிடிபி 2க்கு மாறினால் தீரும்.

அறிகுறி: பழைய லாக் வருகிறது

ரெஸ்பான்ஸ் கேஷிலிருந்து வருகிறது, கூடவே நேற்றைய ஹெடரும் வருகிறது. லாக் சேர்த்த ரெஸ்பான்ஸுக்கு எப்போதும் ‘நோ-ஸ்டோர்’ போடுங்கள். நடுவில் பக்கங்களைச் சேமித்து வழங்கும் சிடிஎன் இருந்தால் இதை இன்றே செய்யுங்கள், உங்கள் லாக் இன்னொருவரின் பிரவுசருக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

அறிகுறி: சம்பந்தமில்லாதவர் கன்சோலிலும் லாக் தெரிகிறது

இதை யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நீங்களாகத் தேட வேண்டிய அறிகுறி இது. பேஸ்64 பூட்டு கிடையாது, யாரும் ஒரு நொடியில் பிரித்துப் படிக்கலாம். ஒரு கம்பெனியின் பார்ட்டி பெயர், கிலோ ரேட், எஸ்கியூஎல் வரி எல்லாம் அதில் இருக்கும். நம்மை நம்பித் தொழில் விவரத்தைக் கொடுத்தவர்களுக்கு அது செய்யக்கூடாத துரோகம்.

பெரும்பாலோர் “127.0.0.1இலிருந்து வந்தால் மட்டும் லாக் அனுப்பு” என்று ஒரு காவல் வைப்பார்கள். மடிக்கணினியில் அது சரியாக வேலை செய்யும். அதே நிரல் புராக்ஸிக்குப் பின்னால் போனதும், எல்லா ரிக்வெஸ்டும் அதே இயந்திரத்தில் உள்ள புராக்ஸியிடமிருந்துதான் வரும். ஆக, உலகத்தில் யார் வந்தாலும் முகவரி 127.0.0.1. காவல் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும். எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை அப்படியே நம்பினாலும் வம்பு, அதை எவரும் எழுதி அனுப்பலாம். நான் என்விரான்மென்ட் மாறி ஒன்று, லாகின் செய்த டெவலப்பர் கணக்கு ஒன்று என இரண்டும் பொருந்தினால்தான் ஹேண்ட்லரையே ஏற்றுகிறேன்.

ஒவ்வொரு டெப்ளாய்மென்டுக்குப் பிறகும் அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து, லாகின் இல்லாமல், குரோமின் யூசர் ஏஜென்டோடு கர்ல் அடித்து, ரெஸ்பான்ஸில் லாக் ஹெடரின் பெயர் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். யூசர் ஏஜென்ட் கொடுக்காமல் அடித்தால் காலியாகத்தான் வரும். அந்தக் காலியை நம்பாதீர்கள்.